கால் எரிச்சல் குறைந்தது, தலை கிறுகிறுக்கிறது: நரம்பு வலி மாத்திரையைத் தொடரலாமா?

கேள்வி: எனக்கு 56 வயது. 14 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாக ராத்திரி ஆனால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான்கு மாதத்துக்கு முன்பு டாக்டர் பிரீகாபலின் 75 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று எழுதிக்கொடுத்தார். எரிச்சல் நன்றாகக் குறைந்து தூங்குகிறேன். ஆனால் காலையில் தலை கிறுகிறுக்கிறது. கணுக்கால் வீங்கிக் கொலுசு இறுக்குகிறது. எடை நான்கு கிலோ ஏறிவிட்டது. போன வாரம் ஒரு ஜாக்கெட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். 'இந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்' என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் பயந்து நிறுத்தினேன். மூன்றே நாளில் எரிச்சல் திரும்பிவிட்டது. தூக்கமே இல்லை, வியர்த்துக் கொட்டியது. மறுபடியும் போட ஆரம்பித்துவிட்டேன். நான் வலியோடு இருப்பதா, மாத்திரையோடு இருப்பதா?

பதில்: அம்மா, வலியோடு இருப்பது, இந்த மாத்திரையை இப்படியே விழுங்குவது என்று இரண்டே வழி இருப்பதாக நினைக்காதீர்கள். நடுவில் நாலைந்து வழிகள் இருக்கின்றன. அதில் ஒன்றைக்கூட நீங்கள் இன்னும் முயற்சி செய்யவில்லை. அதனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

முதலில் அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் திரும்பியது உங்கள் நோயால். தூக்கம் போனதும் வியர்த்துக் கொட்டியதும் பெரும்பாலும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் வந்தவை. பிரீகாபலினை மாதக்கணக்கில் எடுத்தவர் ஒரே நாளில் விட்டால் பதற்றம், குமட்டல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் வரலாம். அபூர்வமாகச் சிலருக்கு வலிப்புகூட வந்திருக்கிறது. நிறுத்தத்தான் வேண்டும் என்றாலும் குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு, டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். யார் என்ன சொன்னாலும் இனி ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது கிட்னி. பக்கத்து வீட்டு அக்கா அக்கறையோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் விஷயம் தலைகீழாக இருக்கிறது. பிரீகாபலின் சிறுநீரகத்தைக் கெடுப்பதாகத் தெரிந்த மருந்து அல்ல. உடம்பில் கிட்டத்தட்ட எந்த மாற்றமும் அடையாமல் சிறுநீர் வழியாகவே வெளியேறும் மருந்து. ஆகவே சிறுநீரகம் மந்தமாக இருந்தால் மருந்து வெளியேறாமல் ரத்தத்தில் தங்கும். அப்போது அதே 75 மி.கி. உங்கள் உடம்பில் இரண்டு பங்கு வேலை செய்யும். கிறுகிறுப்பும் வீக்கமும் கூடும். 14 வருடச் சர்க்கரைக்குப் பிறகு இதைப் பார்க்காமல் விடக்கூடாது. ரத்தத்தில் கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற சிறுநீரக வடிகட்டும் திறன், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். அந்த வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே போனால் வழக்கமாக இந்த மருந்தின் அளவைப் பாதியாக்குவோம். உங்கள் பிரச்சினை மொத்தமும் அந்த ஒரு ரிப்போர்ட்டிலேயே தீர்ந்தாலும் தீரலாம்.

கிட்னிக்கு உண்மையில் பயப்பட வேண்டிய மாத்திரை வேறு. கால் எரிகிறதென்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள்தான் சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அவை இந்த எரிச்சலைப் பெரிதாகக் குறைப்பதும் இல்லை.

ஏன் குறைப்பதில்லை? மூட்டு வலியில் மூட்டில் வீக்கம் இருக்கிறது, மாத்திரை அதைக் குறைக்கிறது. உங்கள் காலில் அப்படி எதுவும் இல்லை. பல வருடச் சர்க்கரையில் பழுதான நரம்பு, ஒன்றுமே படாதபோதும் 'எரிகிறது, எரிகிறது' என்று தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நரம்பு நுனியில் கால்சியம் உள்ளே போகும் வாசல்கள் உண்டு. பிரீகாபலின் அந்த வாசலில் போய் ஒட்டிக்கொண்டு சேதி பரவும் வேகத்தைக் குறைக்கிறது. நரம்பைக் குணப்படுத்துவதில்லை. மூளையிலும் அதே வாசல்கள் இருப்பதால், பாதத்து எரிச்சலை அடக்கும் அதே மருந்து தலையையும் கொஞ்சம் மந்தமாக்குகிறது. நன்மையும் பக்கவிளைவும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்றை அடியோடு ஒழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்வது கஷ்டம். அளவையும் நேரத்தையும் மாற்றி இரண்டையும் ஒரு நிதானத்துக்குக் கொண்டுவர முடியும்.

இந்த மருந்து எல்லாருக்கும் கேட்பதும் இல்லை. நரம்பு வலி மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்து 2015-இல் ஒரு கணக்கு வெளியானது. பிரீகாபலின் ஏறக்குறைய எட்டுப் பேருக்குக் கொடுத்தால், வெறும் மாவு மாத்திரையால் கிடைக்கும் பலனுக்கு மேலாக, ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. அதே கணக்கில், ஏறக்குறைய 14 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் பக்கவிளைவு தாங்காமல் விட்டுவிடுகிறார். இரண்டு வருடமாக ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்த நீங்கள் இன்று தூங்குகிறீர்கள். நன்றாகக் கேட்ட அதிர்ஷ்டசாலிகளில் நீங்கள் ஒருவர். அதனால்தான் இதைச் சட்டென்று தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உங்கள் கிறுகிறுப்புக்கு வருவோம். 'காலையில்' என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் எப்போது? படுக்கையிலிருந்து எழும்போதேவா, காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்தா? இந்த ஒரு கேள்வியில் நிறைய அடங்கியிருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் பிரீகாபலின் சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சிக்குப் போய்விடும். சாப்பிட்ட பின் போட்டால் உச்சிக்குப் போக மூன்று மணி நேரம் வரை ஆகும், உச்சியும் அவ்வளவு உயரமாக இருக்காது. சிறுநீரகம் சரியாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பாதி வெளியேறிவிடும்.

இதை உங்கள் நாளோடு வைத்துப் பாருங்கள். எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு ஒன்பது மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால், மருந்தின் உச்சியில் உட்கார்ந்து ஊசிக்குக் கீழே விரலை நீட்டுகிறீர்கள். கை மாறிப்போன ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்துவிடலாம். மோட்டார் மிஷினின் ஊசி விரலில் இறங்கினால் என்ன செய்வது? அப்படியென்றால் காலை மாத்திரையை டிபனுக்குப் பிறகு போடுவது முதல் மாற்றம். உங்களுக்கு எரிச்சல் ராத்திரியில்தான் என்பதால், காலை மாத்திரையைக் குறைத்துவிட்டு இரவு மாத்திரையை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரைக் கேட்பது அடுத்தது. எழும்போதே கிறுகிறுத்தால் வேறு கணக்கு. இரவு மாத்திரையைப் பதினொரு மணிக்குப் போடுகிறீர்களா? எட்டு, எட்டரைக்கே போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. எல்லாப் பழியையும் பிரீகாபலின் மேல் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடு மாதிரி ஏதாவது இருந்தால், காலையில் சர்க்கரை இறங்கியும் தலை சுற்றும், வியர்க்கும். கிறுகிறுக்கும் அந்த நிமிடமே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை கரைத்துக் குடியுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, நீண்ட நாள் சர்க்கரையில் சிலருக்கு எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்றபின் ஒரு தடவை பி.பி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, அப்புறம் நடங்கள்.

கால் வீக்கத்துக்கும் இதேதான். பிரீகாபலின் காலை வீங்க வைக்கும், எடையையும் கூட்டும், உண்மை. பி.பி.க்கு அம்லோடிபைன் எடுத்தாலும் கணுக்கால் வீங்கும். சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோனும் வீக்கத்தையும் எடையையும் கூட்டும். அது பல சமயம் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடோடு ஒரே மாத்திரையாகவே வருவதால், எடுப்பவருக்கே தெரியாது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பிரீகாபலினும் பயோகிளிட்டசோனும் சேர்ந்தால் வீக்கம் இன்னும் அதிகம். சில நேரம் நரம்பு மாத்திரையைத் தொடவே வேண்டியதில்லை. மற்றதை மாற்றினாலே கால் வடிந்துவிடும்.

படுத்தால் மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, முகமோ நாக்கோ வீங்குவது, எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூக்கம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனம் காரணமில்லாமல் சோர்ந்து, வாழ்க்கை வெறுத்ததுபோல் தோன்றினாலும் மறைக்காமல் சொல்லுங்கள், இந்த வகை மருந்துகளில் அபூர்வமாக அப்படியும் நடக்கும். தூக்க மாத்திரை, டிரமடால் என்ற வலி மாத்திரை, கோடீன் உள்ள இருமல் மருந்து ஆகியவற்றை இதோடு நீங்களாகச் சேர்க்காதீர்கள். மூச்சு மந்தப்படும் ஆபத்து இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. வயதானவர்களும் நுரையீரல் நோய் உள்ளவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அளவையும் நேரத்தையும் மாற்றியும் சரிவராவிட்டால் மருந்தையே மாற்றலாம். டுலாக்செட்டின் இருக்கிறது. ஆரம்பத்தில் குமட்டும், பி.பி. கொஞ்சம் ஏறலாம், ஈரல் நோய் இருந்தாலோ சிறுநீரகம் மிகவும் கெட்டிருந்தாலோ கொடுக்க மாட்டோம். ஆனால் கால் வீக்கமும் எடைக் கூடுதலும் அதில் பெரிய தொல்லை இல்லை என்பதால் உங்களுக்கு முதலில் அதுதான் என் நினைவுக்கு வருகிறது. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் பழைய மருந்துகள், விலை குறைவு, தூக்கமும் வரும். வாய் வறளும், மலம் இறுகும். இதயத் துடிப்பில் கோளாறோ கண்ணில் அழுத்தம் கூடும் குளுக்கோமாவோ உள்ளவர்களுக்கு ஆகாது. பிரிட்டனில் 130 சர்க்கரை நோயாளிகளிடம் பிரீகாபலின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, போதாதவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2022-இல் வெளியானது. எதில் தொடங்கினாலும் பத்துக்கு 6.6 ஆக இருந்த வலி 16 வாரத்தில் 3.3 ஆக இறங்கியது. பக்கவிளைவில்தான் வித்தியாசம்: பிரீகாபலினில் கிறுகிறுப்பு, டுலாக்செட்டினில் குமட்டல், அமிட்ரிப்டிலினில் வாய் வறட்சி அதிகம். ஆக, வலியைக் குறைப்பதில் எது பெரியது என்பதைவிட, எந்தத் தொல்லையோடு உங்களால் மிஷினில் உட்கார முடியும் என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு எந்த டாக்டராலும் உங்களைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

நீங்கள் மிளகாய் என்று எழுதியதால் சொல்கிறேன், மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் களிம்பாகவும் கிடைக்கிறது. முதல் ஓரிரு வாரம் எரிச்சல் கூடும், தினமும் மூன்று நான்கு தடவை தடவ வேண்டும், புண் இருக்கும் இடத்தில் படக்கூடாது. தடவிய கையால் நூல் கோத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினால் துடித்துப்போவீர்கள். பொறுமை இருந்தால் முயற்சி செய்யலாம்.

மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுக்கிறீர்கள் என்றால் பி12 அளவைப் பாருங்கள். அது குறைந்தாலும் கால் இதேபோல் மரத்து எரியும். குறைவு இருந்தால் ஊசியோ மாத்திரையோ நிச்சயம் வேண்டும். குறைவே இல்லாதவர்களுக்கு, பிரீகாபலினோடு சேர்த்து வரும் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வகை வலியைப் பெரிதாகக் குறைக்கும் என்று நான் நம்புவதில்லை.

டாக்டரிடம் போவதற்கு முன் பத்து நாள் ஒரு வேலை செய்யுங்கள். அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரு வரி: ராத்திரி எரிச்சல் பத்துக்கு எத்தனை, எத்தனை முறை விழித்தீர்கள், கிறுகிறுப்பு எத்தனை மணிக்கு, அன்று தையலில் ஏதாவது பிசகியதா. மாத்திரைக்கு முன்பு எரிச்சல் எத்தனை என்று ஞாபகத்திலிருந்து மேலே எழுதிவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வோம். பூஜ்யம் ஆக வேண்டும் என்று அளவை ஏற்றிக்கொண்டே போனால், கிறுகிறுப்புதான் முதலில் ஏறும். 'ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர்' என்று மட்டும் சொன்னால் அவர் வேறு மாத்திரை எழுதுவார், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தைக் காட்டினால் இருவரும் உட்கார்ந்து பேச முடியும்.

கடைசியாக உங்கள் பாதம். மாத்திரை எரிச்சலை அடக்கும், போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. எரிச்சல் அடங்கியதும் கால் நன்றாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். என்னிடம் வந்த ஒரு பெரியவர் சித்திரை வெயிலில் உச்சி நேரத்தில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்திருப்பதைப் பார்த்தார். சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. நீங்கள் தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், விரல் இடுக்கையும் பாருங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு போடுங்கள். தையல் வேலை நடக்கும் வீட்டில் ஊசி தரையில் கிடக்கும், கால் மரத்திருந்தால் அது ஏறினாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

அந்தக் கொலுசை இன்றைக்கே கழற்றி வைத்துவிடுங்கள், அம்மா. வீங்கிய காலில் அது அழுத்தி அறுத்தாலும் உங்களுக்கு வலிக்காமல் போகலாம். வீக்கம் வடிந்ததும் போட்டுக்கொள்ளலாம்.