ஞானஸ்நானம் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள்

இருபது வருடமாக ஞானஸ்நான ஆயத்த வகுப்பு எடுக்கிறேன். போதகர் இல்லை, வகுப்பெடுப்பவன் மட்டும்தான். தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒயர் மைக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் தண்ணீரில் நிற்கக் கூடாது. பாஸ்டரும்தான். மின்சாரத்துக்கு ஆராதனை தெரியாது.

கேள்வி: ஞானஸ்நானமும் திருமுழுக்கும் வேறு வேறா?

ஒன்றேதான். கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள், மற்ற சபைகளில் பெரும்பாலும் ஞானஸ்நானம் என்பார்கள்.

கேள்வி: ஐயா, நான் இன்னும் வேதாகமத்தை முழுதாக வாசித்து முடிக்கவில்லை. எடுக்கலாமா?

அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிக்கிறார். வாசிப்பது புரியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிலிப்பு விளக்குகிறார், வழியில் தண்ணீர் தென்படுகிறது, இறங்கிவிடுகிறார்கள். 16-ஆம் அதிகாரத்தில் சிறைச்சாலைக்காரன் விசுவாசித்த அன்றிரவே குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெறுகிறான். அதற்காக ஆயத்தமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. 'அப்போஸ்தலப் பாரம்பரியம்' என்ற பழைய நூல் மூன்று வருடம் போதனை கேட்கச் சொல்கிறது. ஆனால் ஒருவர் ஆர்வமாக இருந்தால் காலத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது.

என் வகுப்பில் மூன்று கேள்விதான். இயேசு உங்களுக்கு யார்? எதை விட்டு வருகிறீர்கள்? இனி எப்படி வாழப் போகிறீர்கள்? மனப்பாட வசனம் வேண்டாம், வீட்டில் பேசுகிற பேச்சில் சொல்லுங்கள். ஒருமுறை ஒரு பெரியவர் இரண்டாவது கேள்விக்கு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தம்பியோடு பத்து வருடமாகப் பேச்சில்லை" என்றார். அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது. அவர் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தார். ஞானஸ்நானத்தில் பழைய வாழ்க்கை புதைக்கப்படுகிறது என்று ரோமர் 6-இல் பவுல் சொல்கிற 'அடக்கம்பண்ணப்படுவது' அவருக்கு அப்போதே புரிந்திருக்கும்.

கேள்வி: அண்ணா, தண்ணீர் என்றாலே எனக்குப் பயம். மூச்சு முட்டுமா?

தலை உள்ளே இருப்பது இரண்டு மூன்று விநாடிதான். தண்ணீர் இடுப்பளவு இருந்தால் போதும். ஒரு கையால் கைக்குட்டையோடு மூக்கைப் பிடியுங்கள், மற்றக் கையால் அந்த மணிக்கட்டைப் பிடியுங்கள். போதகர் முதுகைத் தாங்குவார். முழங்காலை மடக்குங்கள். பயத்தில் காலை விறைப்பாக வைப்பவர்கள்தான் வழுக்குகிறார்கள். முந்தின நாளே வெறும் தரையில் நின்று போதகரோடு ஒத்திகை பாருங்கள். கான்டாக்ட் லென்ஸ், காது கேட்கும் கருவி இரண்டையும் கழற்றிவிடுங்கள். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்தால் உடம்போடு ஒட்டும், கனமான துணியாக எடுங்கள்.

கேள்வி: எனக்குக் குழந்தையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மறுபடி எடுக்க வேண்டுமா?

இது சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் ஒருமுறைதான் என்கின்றன. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் விசுவாசம் முதலில் வரவேண்டும் என்பதால் இதை 'மறு' ஞானஸ்நானம் என்றே ஒப்புக்கொள்ளாது. இந்தச் சண்டையில் உயிரே போயிருக்கிறது. 1525-இல் சூரிச்சில் பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கினார்கள். 1527-இல் அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை அங்கே ஆற்றிலேயே மூழ்கடித்துக் கொன்றார்கள். நீங்கள் சேர்ந்திருக்கும் சபையின் போதகரிடம் கேளுங்கள்.

குறுக்கே ஒரு சகோதரர்: மழுப்பாதீர்கள். 'பாப்டிசோ' என்றால் கிரேக்கத்தில் முழுக்குவது. தெளித்தது ஞானஸ்நானமே இல்லை.

சொல்லின் அடிப்படைப் பொருள் முழுக்குவதுதான், சரி. ஆனால் லூக்கா 11:38-இல் இயேசு சாப்பாட்டுக்கு முன் கழுவிக்கொள்ளவில்லை என்று பரிசேயன் ஆச்சரியப்படுகிறானே, அங்கேயும் கிரேக்கத்தில் அதே வினைச்சொல்தான். ஆதிச் சபையின் 'டிடாக்கே' நூல் ஓடுகிற தண்ணீரைத்தான் முதலில் கேட்கிறது. கிடைக்காவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது முடியாவிட்டால் வெந்நீர், எதுவுமே போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது.

அதே சகோதரர்: ஊற்றுவதுதானே, தெளிப்பது இல்லையே! குழந்தையும் இல்லையே!

தெளிப்பைப் பற்றி அதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இரண்டு கேள்வியைச் சேர்த்து முடிச்சுப் போடுகிறீர்கள். எவ்வளவு தண்ணீர் என்பது ஒன்று, எந்த வயது என்பது வேறு. ஆர்த்தடாக்ஸ் சபையில் கைக்குழந்தையைத்தான் மூன்று முறை முழுக்குகிறார்கள். அவர்களை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

இன்னொருவர்: இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் இருந்த கள்ளனுக்குப் பரதீசு கிடைத்ததே, அவன் ஞானஸ்நானம் எடுத்தானா?

கீழே இறங்க வழியில்லாதவனை, கார் வைத்திருக்கிறவர் சாக்குச் சொல்லக் கூடாது.

கேள்வி: சிறுவயதில் தெளித்தார்கள், இப்போது...

மேலே பாருங்கள்.

கேள்வி: எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் பின்னால் பெரிய தவறில் சிக்கினார். என்னுடையது செல்லுமா?

செல்லும். பழங்காலத்தில் வட ஆப்பிரிக்காவில் பிரிந்துபோன டொனாட்டிஸ்டுகள் என்ற சபையார், கெட்டவர் கொடுத்தால் செல்லாது என்றார்கள். அங்கே ஆயராக இருந்த அகஸ்டின் மறுத்தார். பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்துவே என்பது அவர் வாதம். உங்களுக்குக் கொடுத்தவருக்காக வருத்தப்படுங்கள், உங்களைச் சந்தேகப்படாதீர்கள்.

கேள்வி: உபவாசம் கட்டாயமா? சர்க்கரை மாத்திரை போடுகிறேன்.

டிடாக்கே ஒன்றிரண்டு நாள் சொல்கிறது. உங்களுக்கு டாக்டர் சொல்வதே முதலில்.

கேள்வி: பெயரை மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை.

கேள்வி: கல்யாணத்துக்காக அடுத்த ஞாயிறே எடுக்கச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

அந்த மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறதா? இருந்தால் ஞாயிறு போதும். இல்லையென்றால் கல்யாணத் தேதியும் காரணமாகாது. அதை அவர்களிடம் நேராகச் சொல்லச் சங்கடமாக இருந்தால் போதகரைச் சொல்லச் சொல்லுங்கள், அது அவர் வேலை.

கேள்வி: குழந்தையில் தெளித்தது...

ஐயா, மேலே!

கேள்வி: தண்ணீரில் நின்றுதான் சாட்சி சொல்ல வேண்டுமா? மைக் தருவார்களா?

கரையிலேயே, கால் நனையுமுன் சொல்லிவிடுங்கள். மைக்கைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அவர் நாலடி தள்ளிப் போன பிறகு இறங்குங்கள்.