குரல் கம்மினால் முதலில் என்ன பார்க்க வேண்டும்? நெல்லை வாசகர்களின் தொண்டைக் கேள்விகளும் பதில்களும்

எங்கள் பக்கம் தொண்டை டாக்டருக்கு இரண்டு சீசன். பங்குனி, சித்திரையில் கோயில் கொடைத் திருவிழா. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பு. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அந்த இரண்டு கூட்டத்திலிருந்துதான். மீதிப் பேரில் பலர் மாதக்கணக்கில் கஷாயமும் மாத்திரையும் சாப்பிட்டுவிட்டு, தொண்டைக்குள் குரலை எழுப்புகிற குரல்நாணை ஒரு தடவைகூட யாரிடமும் காட்டாதவர்கள்.

சாயங்காலம் ஆனால் சத்தமே எழும்பவில்லை. திங்கள் காலையில் நன்றாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் கரகரப்பாகிவிடுகிறது. ஸ்கோப் (உள்ளே பார்க்கும் குழாய்) போட்டுப் பார்த்து ‘இரண்டு பக்கமும் முடிச்சு’ என்றார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டுமா?
*ஆசிரியை, பாளையங்கோட்டை*

வேண்டாம் டீச்சர், இப்போதைக்கு வேண்டாம். திங்கள் முதல் வெள்ளி வரை நீங்கள் சொன்ன கணக்கிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. ஓய்வு கிடைத்தால் தேறி, வேலை கூடினால் கெடுகிற குரல் பெரும்பாலும் உழைப்பால் வந்த கோளாறு.

பெண்கள் பேசும்போது இரண்டு குரல்நாண்களும் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஒலி வந்தால் ஏழு லட்சத்தைத் தாண்டும். கத்திப் பேசினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும். மண்வெட்டி பிடிக்கிற கை காய்த்துப் போவது மாதிரி, அதிகம் அடிபடுகிற இடத்தில், அதாவது முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இரண்டு பக்கமும் எதிரெதிரே தடித்துவிடும். அதுதான் முடிச்சு. அதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி அதே மாதிரி கத்தினால் அதே இடத்தில் திரும்ப வரும். அதனால் முதல் வைத்தியம் குரல் பயிற்சி. ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகப் போனால் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் பேச்சே எழாது.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி சொல்கிறேன். அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை ஆழம் வையுங்கள். உதட்டால் ஸ்ட்ராவைக் கவ்வி, ‘ஊ’ என்று மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டே ஊதுங்கள். குமிழி சீராக வர வேண்டும், கன்னம் உப்பக் கூடாது, கழுத்து நரம்பு புடைக்கக் கூடாது. உதட்டருகே லேசாக அதிர்வது தெரியும். முதல் பீரியடுக்கு முன்னால் மூன்று நிமிடம், மதியம் மூன்று நிமிடம் செய்யுங்கள்.

அப்புறம், இடுப்பில் மாட்டிக்கொள்கிற சின்ன மைக் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். ‘பிள்ளைகள் சிரிப்பார்கள்’ என்று எல்லா டீச்சரும் சொல்கிறார்கள். இரண்டு நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சரிசெய்வதை விடுங்கள், கனைப்பதும் மோதல்தான். அதற்குப் பதில் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். சத்தம் போகும்போது கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வு ஆகாது. பலருக்கு அது இன்னும் இறுக்கத்தைத்தான் கூட்டும். மெல்லிய இயல்பான குரலில் பேசுங்கள், இல்லையென்றால் பேசாதிருங்கள்.

வில்லுப்பாட்டு படிக்கிறேன். நள்ளிரவுச் சாமக்கொடை முடியுமுன்னே தொண்டை கட்டிக்கொள்கிறது. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாச்சு. ஒரு ஊசி போட்டால் அன்றைக்குச் சத்தம் வந்துவிடும் என்கிறார்களே, போடலாமா?
*கலைஞர், நாங்குநேரி வட்டாரம்*

அண்ணாச்சி, நாம் விழுங்குகிற எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. விழுங்கும் நேரத்தில் குரல்வளை மேலே ஏறி வாசலை மூடிக்கொள்ளும், சாப்பாடு பின்னால் இருக்கிற உணவுக்குழாயில் போய்விடும். தப்பித் தவறி ஒரு சொட்டு உள்ளே போனால்தான் புரையேறுகிறதே! சித்தரத்தையை வாயில் அடக்கினால் உமிழ்நீர் ஊறும், தொண்டை இதமாக இருக்கும். அந்த இதம் உண்மைதான், யாரும் விட வேண்டியதில்லை. அதிமதுரத்தை மட்டும் நாள் கணக்கில் மென்றுகொண்டிருக்காதீர்கள். அது ரத்தக் கொதிப்பைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். குரல்நாண்வரை நேராகப் போய்ச் சேருவது மூச்சோடு போகிற ஈரம், அதாவது ஆவி. அது நல்லது. தைலம் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

ஊசி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தை வற்ற வைக்கும், அன்றைக்குச் சத்தமும் வரும். குரல்நாண் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கப் படித்தால், வீங்கியிருக்கிற மெல்லிய ரத்தக் குழாய் வெடித்துவிடலாம். உச்சத்தில் இழுக்கும்போது ‘படக்’கென்று சத்தம் நின்றால் அதுதான் அறிகுறி. அந்த நிமிடமே வில்லை இறக்கி வைத்துவிட வேண்டும். அப்புறம் ஏறத்தாழ ஒரு வாரம் முழு மௌனம். அந்த நிலையில் தொடர்ந்து படித்தால் நிரந்தரத் தழும்போ, பாலிப் என்கிற சதை வளர்ச்சியோ மிஞ்சும். கொடை நாட்களில் உடம்பு வலிக்கு ஆஸ்பிரின் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், ரத்தக் கசிவுக்கு அது தோது. இதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

உங்கள் தொல்லைக்கு முக்கியமான காரணம் மேடையில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. உடுக்கும் குடமும் காதுக்குப் பக்கத்தில் அடிக்கும்போது நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். ஸ்பீக்கர் எல்லாம் ஜனத்தைப் பார்த்தே இருக்கும், உங்களுக்கு உங்கள் குரலே கேட்காது. மைக் செட்காரரிடம் சொல்லி ஒரு சின்ன ஸ்பீக்கரை உங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். சுருதியை அரைக் கட்டை இறக்குங்கள். பின்பாட்டுக்காரர்களுக்குக் கூடுதலாக விட்டுக்கொடுங்கள்.

வீட்டுக்காரருக்கு 54 வயது. பீடி பழக்கம் உண்டு. இரண்டு மாதமாகக் குரல் கம்மி இருக்கிறது. ‘வலி இல்லையே, அப்புறம் என்ன’ என்கிறார்.
*பீடி சுற்றும் பெண், முக்கூடல்*

அக்கா, இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். மற்றவர்கள் யாரும் இந்தப் பகுதியைத் தாண்டிவிட வேண்டாம்.

சளி, காய்ச்சலோடு வரும் கம்மல் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். மூன்று, நான்கு வாரம் தாண்டினால் ஸ்கோப் போட்டே பார்க்க வேண்டும். புகைப்பவர், வயது 45-க்கு மேல் என்றால் அவ்வளவுகூடக் காத்திருக்கக் கூடாது. குரல்நாணில் வரும் புற்று ஆரம்பத்தில் வலிக்காது. வலி, காதுக்குள் குத்தல், கழுத்தில் கட்டி, மூச்சு வாங்குவது எல்லாம் பிந்தி வருபவை.

இதில் ஒரு நல்லதும் உண்டு. குரல்நாணில் சின்னத் தடிப்பு வந்தாலே குரல் மாறிவிடும். அங்கே நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் நோய் சீக்கிரம் பரவாது. ஆரம்ப நிலையில் பிடித்துவிட்டால் ரேடியேஷன் மட்டுமோ, லேசர் ஆபரேஷன் மட்டுமோ போதும். பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் குணமாகிறார்கள், குரலும் மிஞ்சும். விட்டுவிட்டால் குரல்வளையையே எடுக்கிற கட்டம் வரும்.

ஸ்கோப் என்றதும் பயப்படுகிறார்கள். மூக்கில் மரத்துப்போகிற மருந்து விட்டு, மெல்லிய குழாயை உள்ளே விடுவோம். ‘ஈ’ சொல்லச் சொல்வோம், மூச்சு இழுக்கச் சொல்வோம். ஐந்து நிமிட வேலை, அவரே திரையில் பார்க்கலாம். உயிரோடு இருக்கும் மனிதரின் குரல்நாண் வேலை செய்வதை 1854-ல் பார்த்துச் சொன்னவர் மானுவேல் கார்சியா. அவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார். வெயிலும் இரண்டு கண்ணாடியும் வைத்துத் தன் தொண்டையையே பார்த்தார். அவருக்கு இருந்த ஆர்வத்தில் கால்வாசி நம் ஆட்களுக்கு இருந்தால் போதும்.

தடிப்பு தெரிந்தால் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எல்லாம் புற்றாக இருக்காது. குரல்வளையில் காசநோயும் இதே மாதிரி தோன்றும், அதற்கு விழுங்கும்போது வலி கூடுதலாக இருக்கும். அதனால் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் சேர்ந்தே எடுப்போம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. காசநோய் மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள், புற்றுநோய் சிகிச்சைக்கு உதவும்.

நீங்களும் பீடி சுற்றும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். புகையிலைத் தூசி தொண்டையையும் நுரையீரலையும் உறுத்தும்.

மகனுக்கு 17 வயது. மீசை அரும்பிவிட்டது, குரல் மட்டும் பெண்பிள்ளை குரலாகவே இருக்கிறது. போனில் ‘சொல்லும்மா’ என்கிறார்கள். ஹார்மோன் ஊசி போடலாமா?
*தாய், தென்காசி*

வேண்டவே வேண்டாம். மீசை அரும்பி, குரல்வளை மேடு வெளியே தெரிகிறது என்றால் ஹார்மோன் தன் வேலையைச் செய்துவிட்டது. குரல்நாண் நீண்டுவிட்டது, பையன் பழைய உயரத்திலேயே பேசிப் பழகிவிட்டான், அவ்வளவுதான். வளர்ச்சியே பிந்தியிருந்தால்தான் ஹார்மோன் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவனை இருமச் சொல்லுங்கள். இருமல் கனத்த ஆண் குரலில் வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

அந்த இருமலைப் பிடித்துக்கொண்டுதான் பயிற்சியே தொடங்கும். இருமச் சொல்லி, அதன் வாலைப் பிடித்து ‘ஆ’ என்று நீட்டச் சொல்வோம். குரல்வளையை விரலால் லேசாகக் கீழே அழுத்திப் பிடிப்பதும் உண்டு. பல பையன்களுக்குச் சில வாரத்திலேயே குரல் இறங்கிவிடும், சிலருக்கு முதல் நாளே. அப்போது வீட்டில் யாரும் சிரிக்கக் கூடாது. ‘என்னலே திடீர்னு தாத்தா மாதிரி பேசுற’ என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், மறுநாள் பழைய குரலுக்கே போய்விடுவான். பயிற்சிக்கு மசியாத சிலருக்கு, ஜப்பான் டாக்டர் இஷிகி 1970-களில் வகுத்த முறையில், குரல்வளைக் குருத்தெலும்பில் சின்ன ஆபரேஷன் செய்து குரலை இறக்கலாம். அது கடைசிக் கதவு.

எச்சில் விழுங்கினால் ஏதோ உருண்டை நிற்பது மாதிரி இருக்கிறது. சோறு சாப்பிட்டால் தெரியவில்லை. கட்டியாக இருக்குமோ என்று தூக்கம் இல்லை.
*வாசகி, அம்பாசமுத்திரம்*

சோறு தடையில்லாமல் இறங்கி, எச்சிலுக்கு மட்டும் உருண்டை தெரிந்தால் அது கட்டியாக இருப்பது அபூர்வம். ஆசிட் மேலேறுவது, அடிக்கடி விழுங்கிப் பார்ப்பது, மனக் கவலை மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை. கடை சாத்திவிட்டு வரும் கணவரோடு பத்தரைக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுக்கிற வீடு என்றால் அதை முதலில் மாற்றுங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல், காபி குறைவு. ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். திட உணவு சிக்குவது, எடை குறைவது, ஒரு பக்கம் மட்டும் வலி, ரத்தம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் உடனே வாருங்கள்.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் காற்றாகப் போகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. சரியாகுமா?
*வாசகர், வள்ளியூர்*

குரல்நாணை அசைக்கும் நரம்பு தைராய்டை ஒட்டியே ஓடுகிறது. ஆபரேஷனில் அது இழுபட்டு ஒரு பக்கம் அசையாமல் போயிருக்கலாம். அறுபடவில்லை என்றால் பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் தேறும். அதுவரை மோவாயை மார்பை நோக்கிச் சாய்த்து, சிறு சிறு மடக்காகக் குடியுங்கள். புரையேறுவது அதிகம் என்றால் காத்திருக்க வேண்டாம். அசையாத நாணை ஊசி மருந்தால் தடிக்கச் செய்து நடுவே கொண்டுவரலாம். தேறாவிட்டால் நிரந்தரமாக நடுவே நகர்த்தி வைக்கிற ஆபரேஷனும் உண்டு. மூச்சு விட ‘கீச்’ என்று சத்தம் வந்தால் அது அவசரம்.

ஆபரேஷன் எதுவும் இல்லாமலே இடப்பக்க நாண் நின்றுபோனால் மார்பு ஸ்கேன் எடுக்க வேண்டும். இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி, இதயத்தின் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது. நுரையீரலில் இருக்கிற கட்டி முதலில் குரலில்தான் தெரிந்தது என்பது நடப்பதுதான்.

என் தங்கைக்கு ஒரு வீட்டுச் சண்டைக்குப் பிறகு மறுநாள் காலையில் சத்தமே இல்லை. காற்றாகத்தான் பேசுகிறாள். கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள்.
*வாசகர், சங்கரன்கோவில்*

கோயிலுக்குப் போங்கள், அப்படியே ஸ்கோப்பும் பார்த்துவிடுங்கள். இருமும்போதோ சிரிக்கும்போதோ சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் நாண்கள் சேர்கின்றன, நரம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மன அழுத்தத்தில் பேச்சுக்கு மட்டும் அவை சேர மறுக்கின்றன. இது நடிப்பு இல்லை. ‘வேணும்னே செய்யுதா’ என்று யாரும் சொல்லக் கூடாது. இருமலிலிருந்து குரலை மீட்டுக் கொடுத்துவிடலாம், பல பேருக்கு ஒரே அமர்வில். சண்டைக்கு என்ன காரணமோ அதையும் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் போகும்.

மீன் முள் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கலாமா?
*வாசகர், உவரி*

கூடாது. மேலோட்டமாக நிற்கிற முள்ளை உருண்டை ஆழமாகக் குத்திவிடும். விரல் விட்டுத் தோண்டவும் வேண்டாம். பெரும்பாலும் டான்சிலிலோ நாக்கின் அடியிலோதான் நிற்கும், எடுப்பது எளிது. கழுத்து வீங்கினால், காய்ச்சல், மார்பு வலி வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள்.

மகளுக்கு ஏழு வயது. வருடத்துக்கு மூன்று தடவை டான்சில் வீங்குகிறது. எடுத்துவிடலாமா?
*தந்தை, மேலப்பாளையம்*

ஒரே வருடத்தில் ஏழு தடவை, இல்லையென்றால் இரண்டு வருடம் வருடத்துக்கு ஐந்து, இல்லையென்றால் மூன்று வருடம் வருடத்துக்கு மூன்று என்பது கணக்கு. வெறும் சளித் தொண்டை இதில் சேராது. காய்ச்சல், சீழ், கழுத்தில் நெறிகட்டுவது மாதிரி இருந்தால்தான். இந்த வருடம் மட்டும் மூன்று என்றால் பொறுங்கள், தேதி எழுதி வையுங்கள். வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகக் குறையும். ராத்திரி குறட்டை விட்டு நடுவே மூச்சு நிற்கிறது என்றால் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அது தனிக் காரணம்.

எடுக்கிற நிலை வந்தால், ஐஸ்க்ரீம் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் வாயில் ரத்தம் தெரிந்தால் மட்டும், கொஞ்சம்தானே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.