கையெழுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் இங்கிலாந்துக்கு வந்த 2006 ஜனவரி கண்முன் வந்துவிட்டது. வேலை விசாவில் குடும்பத்தோடு வந்து இரண்டு வருடம் ஆகிறது, மகனுக்கு 15 வயது, கால்பந்தில் சென்டர் பேக் (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரன்) ஆடுகிறான், லீக் டூ (இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்) கிளப் ஒன்று 16 வயதில் ஸ்காலர்ஷிப், அதாவது பயிற்சி வீரனாக இடம், தருகிறோம் என்கிறது, சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, கார் இன்ஷூரன்ஸ் எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதெல்லாம் போகப் போகப் பிடிபட்டுவிடும். பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் விசா நிபந்தனையை எடுத்துப் படியுங்கள். ஸ்கில்டு வொர்க்கர் விசாக்காரரின் குடும்பத்தார் இங்கே மற்ற வேலைகளுக்குப் போகலாம். தொழில்முறை விளையாட்டு வீரராகவோ கோச்சாகவோ மட்டும் போகக் கூடாது. தொழில்முறை வீரர் யார் என்று சொல்லும் விதி, கிளப்பின் அகாடமியில் (இளையோர் பயிற்சிப் பிரிவில்) இருக்கும் பையன்களையும் சேர்த்தே சொல்கிறது. இதைக் கிளப் கவனிக்கும் என்று இருந்துவிடாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காசு கொடுத்தாவது கேளுங்கள். குடும்பம் கால்பந்துக்காக இடம் மாறவில்லை என்பதற்கு ஃபிஃபா விதிப்படி ஆதாரமும் கேட்பார்கள். உங்கள் வேலை நியமனக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஸ்காலர்ஷிப் இரண்டு வருடம், படிப்பும் கூடவே உண்டு. அந்தப் படிப்பை அவன் விடவே கூடாது. 18 வயதில் கிளப் கூப்பிட்டுப் பேசும். பெரும்பாலான பையன்களுக்குப் பதில் 'இல்லை'தான். 'ஆமாம்' என்றாலும் கீழ் லீக்குகளில் ஒரு வருடம், இரண்டு வருடம்தான் கான்ட்ராக்ட். ஜூன் 30 அன்று முடியும். அதற்கு முன்பே, மே மாதம், யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று பட்டியல் வரும். வீட்டுக்கடன் கட்டும் முப்பது வயது டிஃபெண்டரும் அந்தப் பட்டியலுக்குத்தான் காத்திருப்பார்.

நல்லபடியாகப் போனால் எப்படி இருக்கும் என்பதற்கு கிரஹாம் அலெக்சாண்டரைச் சொல்வேன். ஸ்கந்தார்ப்பில் தொடங்கி லூட்டன், பிரெஸ்டன், பர்ன்லி என்று பல கிளப்புகளில் ஆடிய ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்). பிரீமியர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடியபோது வயது 37, வருடம் 2009. மொத்தம் ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்?

மறுபக்கம் நான் குடியிருக்கும் பரி (Bury) ஊரின் கிளப். இப்போது செவ்வாய்க்கிழமை ராத்திரி மைதானத்தில் மழையில் நின்று 'மேன் ஆன்!' (பின்னால் எதிரணி ஆள் வருகிறான்!) என்று மற்றவர்களுக்குச் சமமாகக் கத்துகிற ஆள் நான். 2019-ல் எங்கள் அணி லீக் டூவில் இரண்டாவதாக வந்து அடுத்த மேல்நிலையான லீக் ஒன்னுக்கு ஏறியது. அந்தச் சீசனிலேயே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. ஆகஸ்ட் 27 அன்று, லீக் ஒன்னில் ஒரு பந்தைக்கூட உதைக்காமல், 125 வருடம் இருந்த லீக்கிலிருந்து கிளப்பையே வெளியேற்றிவிட்டார்கள். சீசன் தொடங்கிய பிறகு அத்தனை பேரும் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. ஜெர்சி போட்ட படத்தை வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க அனுப்பிப் பையன் தலையில் பாரத்தை ஏற்றுகிற நம்மவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். எனக்கு அவர்கள் மேல் கோபமே உண்டு.

நான் வந்தபோது ஒரு மூதாட்டி வீட்டில் மாடி அறை. பக்கத்து அறையில் ஒரு கிளப் தங்கவைத்திருந்த 19 வயதுப் பையன், அவனும் சென்டர் பேக். பின்வாசலில் அவன் பூட்ஸ் சேறோடு கிடக்கும். புருவத்தில் தையலோடு வந்து, உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை ஒற்றிக்கொண்டு டீவி பார்ப்பான். மே மாதம் ஒருநாள் மத்தியானமே திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருடக் கான்ட்ராக்ட் என்றுதான் அவன் நினைத்திருந்தான். சமையலறை மேசையில் அந்தக் காகிதத்தை வைத்து இரண்டு பேரும் படித்தோம். இரண்டாவது வருடத்துக்கு 'ஆப்ஷன்' என்று இருந்தது. அது கிளப்பின் விருப்பம், அவனுடையது அல்ல. எனக்கு அது புதிதில்லை. என்னைக் கூட்டிவந்த ஏஜென்சி, அறை வாடகையைச் சம்பளத்தில் பிடிக்கும் என்பதை நானும் கையெழுத்துப் போட்ட பிறகுதானே படித்தேன்!

அவன் கிளம்பியபோது துணிமணி இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் அடங்கிவிட்டது. கிளப் கொடுத்த நீளமான பஞ்சுக் கோட்டை மட்டும் என்னிடம் தந்தான். அதுவரை நான் ஊரில் வாங்கிய ஸ்வெட்டரில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மார்பில் அவன் பெயரின் முதலெழுத்துகள் தைத்திருக்கும். பரி கிளப்பின் கிக் லேன் (Gigg Lane) மைதானத்துக்கு முதல்முறை போனது அந்தக் கோட்டில்தான். வாசலில் நின்றவர் அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "எந்த கிளப்பில் ஆடுகிறாய்?" என்று கேட்டார்.