வீசும் தட்டுக்குள் சென்சார்: கேள்வி பதில்

கேள்வி: தட்டை வீசிக் கூடையில் போடும் டிஸ்க் கோல்ஃபில் டெக்டிஸ்க் என்கிறார்களே, அது எதை அளக்கிறது?

பதில்: தட்டின் நடுவில் சென்சார் இருக்கும். வலையைப் பார்த்து வீசினாலே போதும். கையை விட்டுப் போகும்போது இருக்கும் வேகம், சுழற்சி, எழும்பும் கோணம், ஹைசர் சாய்வு (தட்டு பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவு), மூக்குக் கோணம் (பறக்கும் பாதையைவிட முன்விளிம்பு எவ்வளவு தூக்கி இருக்கிறது), தள்ளாட்டம் எல்லாம் போனில் வந்துவிடும்.

கேள்வி: மலிவாகக் கிடைக்கும் எம்பியு-6050 சென்சாரைத் தட்டில் ஒட்டிக்கொண்டால் ஆகாதா?

பதில்: ஆசை நியாயம்தான், ஆனால் அதன் கைரோ (சுழற்சியை அளக்கும் பகுதி) நொடிக்கு 2000 டிகிரி வரைதான் அளக்கும்; நிமிடத்துக்கு 333 சுற்று. நல்ல பேக்ஹேண்ட் (புறங்கை வீச்சு) 1000 சுற்றைத் தாண்டும். அதிலேயே இருக்கும் முடுக்கமானியை வைத்துக் கணக்குப் போடலாமே என்பீர்கள். 1200 சுற்றில், மையத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒட்டினாலே புவியீர்ப்பைப்போல் சுமார் 32 மடங்கு முடுக்கம் வரும். அதன் எல்லையோ 16 மடங்கு. அரை செ.மீ. தூரத்தில் வைத்தால் தாங்கும். ஆனால் சுழற்சி மட்டும்தான் கிடைக்கும், மூக்குக் கோணம் கிடைக்காது. நமக்கு வேண்டியதே அதுதான்.

கேள்வி: என் வேகம் மணிக்கு 95 கி.மீ. காட்டுகிறது. தூரம் போவதற்கான தட்டான டிரைவர் 90 மீட்டரைத் தாண்ட மறுக்கிறது. ஜிம்முக்குப் போகட்டுமா?

பதில்: வேண்டாம், முதலில் மூக்கைப் பாருங்கள். தட்டு 8 டிகிரியில் மேலே கிளம்புகிறது, தட்டின் முன்விளிம்பும் 8 டிகிரி நிமிர்ந்திருக்கிறது என்றால் மூக்குக் கோணம் பூஜ்யம். விளிம்பு 14 டிகிரி நிமிர்ந்திருந்தால் மூக்கு 6 டிகிரி தூக்கல். அப்போது காற்றின் தடை கூடும். தட்டு ஜிவ்வென்று மேலேறி, வேகம் செத்து, வலக்கை பேக்ஹேண்டாக இருந்தால் இடப்பக்கம் சரிந்து விழும். கண்ணுக்கு இது நல்ல வீச்சாகவே தெரியும், அதுதான் தொல்லை. மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகக் கீழே இறக்கிப் பிடித்து, பாதி வேகத்தில் வீசிப் பாருங்கள். மூக்குக் கோணத்தின் எண் இறங்கிய பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

கேள்வி: ரேடார் கன் போதாதா?

பதில்: வேகத்துக்குப் போதும். வீசும் திசைக்கு நேராக நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் குறைத்துக் காட்டும்.

கேள்வி: திரையில் காட்டும் தூரத்தை நம்பலாமா?

பதில்: அது கணக்கு, தட்டு பறந்த தூரம் அல்ல. மைதானத்தில் காற்று இருக்கிறது. 2016இல் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விகின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் வீசியதில் பின்காற்றுக்கும் பங்கு உண்டு. அந்த எண்ணோடு நம் வலை வீச்சை ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

கேள்வி: ஃபோர்ஹேண்டில் (உள்ளங்கை முன்னால் வரும் வீச்சு) தள்ளாட்டம் நிற்கவே இல்லை.

பதில்: பலத்தைக் குறையுங்கள். பட்டரை (கூடைக்கு அருகில் மெதுவாக வீசும் தட்டு) எடுத்து மெதுவாக வீசுங்கள். எந்த வேகத்தில் தள்ளாட்டம் தொடங்குகிறதோ, அங்கேதான் பயிற்சி.