குதிரையையும் நாயையும் பருவத்துக்குப் பருவம் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மலையில் இடம் வாங்கி, ஒரு குதிரையும் நாய்களும் வளர்க்கத் தொடங்கியிருப்பவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். குளிருக்குக் கம்பளி போர்த்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போர்த்தலாம்; ஆனால் நனைந்த உடம்பின் மேல் போர்த்தாதீர்கள், முதலில் துடைத்துக் காயவிடுங்கள். உலர்ந்த உடம்போடு, வயிறு நிறையப் புல் தின்ற குதிரை குளிரைத் தாங்கிக்கொள்ளும். நான் பயப்படுவது மழைக்குத்தான்.

என் அப்பா கொடைக்கானல் ஏரிக்கரையில் முப்பது ஆண்டுகள் சவாரிக் குதிரை வைத்திருந்தார். எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, ஓர் ஐப்பசி அடைமழையில் நான்கு நாட்கள் சவாரியே இல்லை. லாயத்திலேயே நிற்கிறதே என்று பரிதாபப்பட்டு, எங்கள் குதிரை செவலைக்கு வழக்கமான கொள்ளுத் தீவனத்தைவிட ஒரு கை கூடவே வைத்தேன். வேலை இல்லாத நாளில் கொள்ளைக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வைக்கோல் போரின் அடிப்பகுதி நனைந்து பூசணம் பிடித்திருந்தது. தண்ணீர் சில்லென்று இருந்ததால் குதிரை வாளியில் வாயே வைக்கவில்லை. ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டிய உயிர் அது. நிரம்பிய வாளியைப் பார்த்துவிட்டும் நான் பேசாமல் வந்துவிட்டேன்.

இரவு பத்து மணிக்கு அது முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடியும் படுத்தது. அந்தக் குளிரிலும் கழுத்தில் வியர்வை. அப்பா விலாவில் காதை வைத்துக் கேட்டார். குடல் இரைகிற சத்தமே இல்லை; குடல் அடைத்துக்கொண்டு வந்த வயிற்றுவலி அது. பக்கத்து லாயத்துக்காரர் மூங்கில் குழாயில் எண்ணெய் எடுத்துவந்தார், அப்பா தடுத்துவிட்டார். வாய் வழியாக ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

மருத்துவர் வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து எண்ணெய் செலுத்தி, ஊசியும் போட்டார். கொஞ்ச தூரம் நடத்துங்கள், பிறகு நிற்க விடுங்கள், களைத்துப்போக வைக்காதீர்கள் என்றார். விடியற்காலை நாலரை மணிக்குச் செவலை லத்தி போட்டது. அப்பா குனிந்து, ஆவி பறந்த அந்த லத்தியை வெறுங்கையால் எடுத்துப் பிட்டுப் பார்த்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

நான் மருத்துவன் இல்லை. படித்தவர்கள் யாராவது இதில் பிழை கண்டால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் "குதிரைக்காரர்கள் பட்டினி போட்டுச் சம்பாதிக்கிறார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு நிமிடம் நின்று படம் எடுத்து "கொடுமை" என்று போடுகிறவர்கள், தின்பண்டத்தை பிளாஸ்டிக் பையோடு ஏரிக்கரையில் வீசிவிட்டுப் போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பை குடலை அடைத்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. சவாரிக்கு இரண்டு பெரியவர்கள் சேர்ந்து ஏறுவோம் என்று அடம் பிடித்தவர்களை அப்பா எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறார், அந்த வருமானம் போனால் போகட்டும் என்று!

மழையில் குளம்பையும் கவனியுங்கள். தினமும் தூக்கிச் சுரண்டிச் சேற்றை எடுங்கள். மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றம் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். காய்ந்த தரையில் நிறுத்துங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவரை வரவழையுங்கள். டெட்டனஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாய்களுக்கு மழை ஓய்ந்ததும் உண்ணிதான் எமன். எங்கள் மணிக்கு மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் அது உண்ணிக்காய்ச்சல் என்று தெரிந்தது. காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் தினமும் தடவிப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தால் காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பூனையும் இருந்தால் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூட அதைக் கொன்றுவிடக்கூடும்.

உங்கள் வைக்கோல் போர் இப்போது தரையிலா இருக்கிறது, பலகை மேலா? தரையில் இருந்தால் மழை இறங்குவதற்குள் தூக்கி வைத்துவிடுங்கள். அடியில் கையை விட்டு முகர்ந்தும் பாருங்கள்.