திரும்பும்போது பின்பக்கம் அதிர்கிறதா?

கேள்வி: என்னுடையது 2007 ஃபோர்ட் எஃப்-150, 5.4 லீற்றர் வி8. கூரை வேலைக்கு ட்ரெய்லர் இழுக்கிறேன். போன மாதம் ஒரு கராஜில் பின் டிஃபரென்ஷலுக்கு (இரண்டு பின் சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதி) 80டபிள்யூ-90 ஒயில் மாற்றினார்கள். அன்றிலிருந்து பார்க்கிங் லொட்டில் மெல்லத் திருப்பினால் பின்பக்கம் கடகடவென்று அதிர்கிறது. டிஃபரென்ஷல் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். ஜெனரல் மோட்டர்ஸின் சில்வராடோ வைத்திருக்கும் நண்பரோ, ஒயிலோடு அடிட்டிவ் எதுவும் ஊற்றாதே என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: புது டிஃபரென்ஷலுக்குக் காசைக் கொடுத்துவிடாதீர்கள் தம்பி. ஒயில் மாற்றும்வரை இல்லாத சத்தம் மாற்றிய அன்றே வந்தால், முதல் சந்தேகம் ஒயில் மேல்தான்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஆக்ஸில் (சில்லுகளின் அச்சு) என்ற கட்டத்தைப் பாருங்கள். எச்9 அல்லது பி6 என்றிருந்தால் லிமிட்டட் ஸ்லிப், அதாவது ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை. 19 என்றிருந்தால் சாதாரண டிஃபரென்ஷல். பின் மூடியில் 12 போல்ட் இருந்தால் அது 9.75 அங்குல ஆக்ஸில், 10 இருந்தால் 8.8. நீங்கள் சொல்லும் அதிர்வைப் பார்த்தால் உங்களுடையது லிமிட்டட் ஸ்லிப் என்றே நினைக்கிறேன்.

ஃபோர்ட் இதை ட்ராக்ஷன்-லொக் என்கிறது. உள்ளே உராய்வுத் தகடும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கியிருக்கும். நடுவில் ஒரு ஸ்பிரிங் இரண்டு பக்க அடுக்கையும் அழுத்திக்கொண்டே இருக்கும். வாகனம் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடுதலாகச் சுற்ற வேண்டும், ஆகவே தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியே தீர வேண்டும். ஒரே சீராக வழுக்காமல் பிடித்துப் பிடித்து விட்டால் அதுதான் கடகட. ஜிஎல்-5 என்ற தரக் கியர் ஒயிலில் உள்ள கந்தக, பொஸ்பரஸ் சேர்மங்கள் பற்சக்கரத்தைக் காக்கும். தகடுகளை இதமாக வழுக்க வைப்பது ஃப்ரிக்ஷன் மொடிஃபையர் என்ற அடிட்டிவ். உங்கள் கராஜில் அதை ஊற்ற மறந்திருப்பார்கள்.

ஃபோர்டின் மொடிஃபையர் பெயர் எக்ஸ்எல்-3. சின்னப் போத்தல், 118 மில்லிலீற்றர். ஒயிலை முழுதாக மாற்றினால் ஒரு போத்தல். நல்லதுதானே என்று மேலும் மேலும் ஊற்றினால் தகடுகள் பிடிமானம் இழக்கும். பனியில் ஒரு சில்லு மட்டும் சுழன்று, வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

80டபிள்யூ-90ஐ வைத்துக்கொண்டு மொடிஃபையர் மட்டும் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சத்தம் போகக்கூடும், ஆனாலும் நான் சம்மதிக்க மாட்டேன். உங்களுடையது 9.75 ஆக்ஸில் என்றால் அதற்கு ஃபோர்ட் கேட்பது சிந்தெடிக் 75டபிள்யூ-140. முன்னால் உள்ள எண் குளிருக்கானது: 80டபிள்யூவின் குளிர்ச் சோதனை மைனஸ் 26 பாகையில், 75டபிள்யூவினது மைனஸ் 40இல். ஜனவரிக் காலையில் இந்த வித்தியாசம் ஆக்ஸிலுக்குத் தெரியும். பின்னால் உள்ள 140 சூட்டுக்கானது. ஓடு ஏற்றிய ட்ரெய்லரோடு நெடுஞ்சாலையில் போகும்போது ஒயில் தண்ணீராய் இளகாமல் நிற்க அது வேண்டும்.

மாற்றும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். முதலில் ஒயில் ஊற்றும் துளையின் அடைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், மூடியைக் கழற்றிப் பழைய ஒயிலை வடித்த பிறகு புதிது ஊற்ற வழியில்லாமல் வாகனம் மேலேயே தொங்கும். வடிந்த ஒயிலை விரலில் தொட்டுத் தேயுங்கள். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது வழமைதான். நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சிம்பு வந்தால், அல்லது ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால், விடயம் வேறு. அப்போது திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

புது ஒயிலும் எக்ஸ்எல்-3உம் விட்டபின் வெறுமையான ஒரு லொட்டில் மெதுவாக எட்டுப் போடுங்கள், இரு பக்கமும் மாறி மாறி. ஒயில் தகடுகளுக்கு இடையே போய்ச் சேர வேண்டும். அப்படியும் அதிர்வு நிற்காவிட்டால் தகடுகள் தேய்ந்திருக்கலாம். அதற்கும் தகட்டுத் தொகுதி தனியாக விற்கிறது. முழு டிஃபரென்ஷல் வேண்டாம்.

உங்கள் நண்பரும் அவர் வாகனத்துக்குச் சரியாகத்தான் சொல்கிறார். சில்வராடோவில் ஜி80 என்ற குறியீடு இருந்தால் அது ஈட்டன் செய்த பூட்டும் டிஃபரென்ஷல். சில்லுகளின் வேகம் அதிகம் வேறுபடும்போது உள்ளே ஒரு சுழல் எடை விரிந்து அதைப் பூட்டும். அதற்கு மொடிஃபையர் ஊற்ற வேண்டாம் என்று ஜெனரல் மோட்டர்ஸே சொல்கிறது. அவருடைய ஆலோசனை அவருடைய ஆக்ஸிலுக்கு. உங்கள் ஃபோர்ட் லிமிட்டட் ஸ்லிப் என்றால் அதற்கு எக்ஸ்எல்-3 கட்டாயம்.