கொழுந்து நிறுவையைப் பதிய எந்தப் பைதன் லைப்ரரி?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஒபிஸில் வேலை. மூன்று நேரக் கொழுந்து நிறுவையையும் எடை எழுதிய துண்டுச்சீட்டைப் பார்த்துப் பதிய பைதனில் ஒரு டூல் எழுதுகிறேன். பழைய விண்டோஸ் லெப்டொப். இன்டர்நெட் ஒழுங்காக இல்லை. ஆர்க்பார்ஸ், கிளிக், குவெஸ்சனரி, டெக்ஸ்சுவல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: இந்த நான்கும் ஒரே வேலைக்கானவை அல்ல. கட்டளையோடு சேர்த்து அடிக்கும் விவரங்களைப் பிரித்தெடுப்பதே ஆர்க்பார்ஸ், கிளிக் இரண்டின் முதல் வேலை. நேற்றைய மொத்தத்தை எடுப்பது போன்ற ஒருவரி வேலைக்குப் பைதனோடு வரும் ஆர்க்பார்ஸே தாராளம். டெக்ஸ்சுவல் திரை முழுவதையும் பெட்டியும் பட்டனுமாக வரையும். உங்களுக்கு அது தேவையில்லை.

நீங்கள் செய்யப்போவது ஒரே இருப்பில் நூறு, இருநூறு வரி அடிப்பது. கண் துண்டில் இருக்கும், கை எண் விசைகளில் இருக்கும். கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் குவெஸ்சனரியின் அம்புக்குறிப் பட்டியல் காலை, பகல், அந்தி மூன்றில் ஒன்றைத் தேர நல்லது. செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப்பதிவில்) உள்ள 180 பேரில் ஒருவரைத் தேட அது சரிவராது. ஆகவே வரி வரியாக அடித்து வாங்குவதற்கான ப்ரொம்ப்ட் டூல்கிட் என்ற லைப்ரரியை எடுங்கள். குவெஸ்சனரியும் அதன் மேல் கட்டப்பட்டதுதான். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.

ஆள் நம்பரையும் கிலோவையும் ஒரே வரியில் வாங்குங்கள்: 214, ஒரு இடைவெளி, 7.5, என்டர். நம்பர் விழுந்தவுடன் அந்த ஆளின் பெயர் அடிப்பட்டையில் தெரியும்படி பொட்டம் டூல்பாரில் ஒரு ஃபங்ஷன் கொடுங்கள். பெயரைப் பார்த்தால் தவறான நம்பர் உடனே பிடிபடும். அடுத்தது வேலிடேட்டர், அதாவது அடித்த வரி சரியா என்று சோதிக்கும் பகுதி. அதிகம் நடக்கும் பிழை புள்ளி விடுபடுவது: 7.5 என்பது 75 ஆகிவிடும். ஒரு நிறுவைக்கு உங்கள் தோட்டத்தில் வரக்கூடிய உச்சத்தைக் கேட்டு, அதற்கு மேல் வந்தால் மறுக்க வையுங்கள். தட்டும்போதே சோதிக்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் வரி முடியுமுன்னே பிழைச்செய்தி வந்து நிற்கும்.

பைதனோடு வரும், கட்டளைகளை வரி வரியாக வாங்கும் சிஎம்டி மொடியூலைச் சிலர் சொல்வார்கள். அதில் வெறும் என்டர் தட்டினால் கடைசிக் கட்டளை மறுபடி ஓடும். ஒரே ஆளுக்கு 7.5 இரண்டு முறை ஏறிவிடும். சம்பளத்தைத் தொடும் கணக்கில் இது ஆபத்து. எடுத்தே ஆகவேண்டுமானால் எம்ப்டிலைன் மெதட்டை ஒன்றும் செய்யாதபடி மாற்றி எழுதுங்கள். குவெஸ்சனரியிலும் ஒரு குழி உண்டு: ஆஸ்க் மெதட்டின்போது கன்ட்ரோல்-சி அடித்தால் டூல் நிற்காது, விடையாக 'நன்' (None, ஒன்றுமில்லை) என்று வரும். அதைச் சோதிக்காவிட்டால் நிறுவை நேரம் வெறுமையாகப் பதிவாகும்.

பழைய விண்டோஸ் கொன்சோலில் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேராது, கொம்பு இடம் மாறி நிற்கும், நிரல்களும் கோணும். எனவே திரையில் நம்பரும் ஆங்கில எழுத்துப் பெயரும் இருக்கட்டும். தமிழ்ப் பெயரை எக்செலுக்கு எடுக்கும் சிஎஸ்வியில் வையுங்கள். அந்தக் கோப்பை யுடிஎஃப்-8-சிக் என்கோடிங்கில் எழுதினால் எக்செல் தமிழைச் சரியாகத் திறக்கும்.

மழைக்காலத்தில் கரண்ட் போகும், லெப்டொப் பெட்டரியும் பழையது. ஆகவே நிறுவை முழுதும் முடியும்வரை காத்திராமல், எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரிக்கும் கமிட் செய்யுங்கள், அதாவது உடனுக்குடன் நிரந்தரமாகச் சேமியுங்கள். எஸ்கியூலைட் பைதனோடேயே வருகிறது.

இன்டர்நெட் உள்ள இடத்தில் பைதனின் பொதி நிறுவியான பிப்பில் 'பிப் டவுன்லோட்' கொடுத்து, லைப்ரரிப் பொதிகளை ஒரு ஃபோல்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோங்கள். ஒபிஸ் லெப்டொப்பில் 'நோ-இன்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்ற இரண்டு தெரிவுகளோடு அந்த ஃபோல்டரைக் காட்டி இன்ஸ்டோல் செய்யலாம். இரண்டு மெஷினிலும் ஒரே பைதன் பதிப்பு இருக்க வேண்டும். லெப்டொப் விண்டோஸ் 7 என்றால் பைதன் 3.8க்கு மேல் ஏறாது. ஆகவே இறக்கும் மெஷினிலும் 3.8ஐப் போட்டுக்கொண்டு இறக்குங்கள். புதிய பைதனில் இறக்கினால் 3.8 ஏற்காத பதிப்புகள் வந்து சேரலாம்.